நுவரெலியா ஏப்ரல் கார்னிவலுக்கு நண்பர்களோடு ஒரு வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் மாதம் பாதி கழிந்ததும் போன் அடிக்கத் தொடங்கிவிடும். "மச்சான், இந்த முறை நூரலைக்குப் போவமா? நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, ஒரு ரூம் பாரு." நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வேலை கொழும்பில். ஏப்ரலில் ஒரு சனி, ஞாயிறு நுவரெலியாவில் கழிப்பது பத்து வருடத்துக்கு மேலான பழக்கம். கேட்பவர்களுக்கெல்லாம் அதே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். இனிக் கேட்பவருக்கு இதை அனுப்பிவிட்டு நான் தேத்தண்ணி குடிக்கலாம்.

ஏப்ரலில் நுவரெலியாவில் அப்படி என்னதான் நடக்கிறது?

சீசன். எங்கள் பக்கத்தில் "சீசன்" என்று சொன்னாலே அது நுவரெலியா ஏப்ரல்தான். முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்திய அணிவகுப்போடு தொடங்கி மாதம் முழுக்க ஓடும். குதிரைப் பந்தயம், கார் ஓட்டம், மோட்டார் சைக்கிள் ஓட்டம், வாவியில் படகு, மாதக் கடைசியில் விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி. இரவானால் கார்னிவல்.

ஏன் ஏப்ரல் என்றால், கீழ்நாட்டில் அப்போதுதான் வெயில் மண்டையைப் பிளக்கும். பாடசாலை விடுமுறையும் சித்திரைப் புத்தாண்டும் அந்த மாதத்தில்தான். நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்குப் பயந்து இங்கே ஏறி வந்து பழக்கிவிட்ட மாதம் இது. குதிரைப் பந்தயத்தை 1875 இல் தொடங்கினார்கள், அடுத்த வருடமே ஹில் கிளப்பையும் கட்டிக்கொண்டார்கள். அந்தத் துரைமாரின் தோட்டங்களில் தேயிலைக் கொழுந்தைப் பறித்த எங்கள் பாட்டன் பூட்டிக்கு அங்கே வேலியோரம்தான் இடம். இன்றைக்கு ஒரே ராட்டினத்தில் மேல் தொட்டிலில் கொழும்புக் குடும்பமும் கீழ்த் தொட்டிலில் இராகலைத் தோட்டத்துக் குடும்பமும் சுற்றுகின்றன. எனக்குக் கார்னிவல் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வார இறுதியில் போவது நல்லது?

புத்தாண்டு நாட்களை விட்டுவிடுங்கள். 13, 14 ஆம் திகதிகளில் கூட்டம் உச்சத்தில் இருக்கும், ஆனால் பாதிக் கடை பூட்டியிருக்கும். சாப்பாட்டுக்கடைப் பையன்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரு வருடம் 14 ஆம் திகதி போய், பகல் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு மாலுபாணோடு வாவிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். அதையும் காகம் பங்கு கேட்டது.

என் தெரிவு, புத்தாண்டுக்கு அடுத்து வரும் வார இறுதி. கடைகள் திறந்திருக்கும், களை இன்னும் குறைந்திருக்காது. பூக்கள்தான் வேண்டும் என்றால் மாதக் கடைசி. சும்மா ராட்டினம் ஏறி வாவியைச் சுற்றி வந்தால் போதும் என்பவர்களுக்கு முதல் வார இறுதியே போதும். ரூம் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கொழும்பிலிருந்து எந்த வழியில் போகலாம்?

இரண்டு வழி. அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று போவது ஒன்று. கண்டிப் பக்கமாகப் போய் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஏறுவது மற்றது. நான் ஹட்டன் பாதைக்காரன், பிறந்த பாசம். தலவாக்கலைக்கு முன்னால் டெவன், சென் கிளயர் இரண்டு அருவிகளையும் ரோட்டிலிருந்தே பார்க்கலாம். இறம்பொடைப் பாதையில் 109 மீற்றர் இறம்பொடை அருவியும் அனுமார் கோயிலும் இருக்கின்றன. போகும்போது ஒரு பாதை, வரும்போது மற்றது என்று வைத்துக்கொண்டால் சண்டையில்லை.

எட்டுப் பேருக்கு மேல் என்றால் கேடிஎச் வேன் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். பேசும்போது வாடகையை விட முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: சாரதி மலைநாட்டு ரோட்டில் ஓடிப் பழகியவரா? ஏறுவது யாருக்கும் வரும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்கத் தெரிய வேண்டும். பிரேக் கருகும் வாசனை வந்தால் கூச்சப்படாமல் "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க, டீ குடிப்போம்" என்று சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் சில்லு ஆறிவிடும்.

நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியை மாப் காட்டும். கிலோமீற்றர் குறைவுதான், ஆனால் செங்குத்து. 2023 ஜனவரியில் பாடசாலைப் பிள்ளைகளோடு வந்த பஸ் அந்த இறக்கத்தில் வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். கொத்மலை கெரண்டிஎல்லையில் 2025 மே 11 விடியற்காலை பஸ் பள்ளத்தில் விழுந்து 20 இற்கும் மேற்பட்டோர் போனார்கள். அதனால் எங்கள் குழுவில் இரண்டு சட்டம்: ரதல்ல வழி கிடையாது, இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை வேன் ஓடாது. "நைட்டுல போனா டிராஃபிக் இல்லடா" என்று ஒருவன் எப்போதும் சொல்வான். அவனைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள்.

ரயிலில் போக முடியாதா?

முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. நுவரெலியா நகரத்துக்கு ரயில் கிடையாது, நானுஓயாவில் இறங்க வேண்டும். 1885 இல் வந்த பாதை. அங்கிருந்து நகரம் எட்டு, ஒன்பது கிலோமீற்றர். பஸ்ஸும் ஆட்டோவும் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கும். ஏப்ரலுக்கான முன்பதிவு ஆசனங்கள் திறந்த உடனேயே தீர்ந்துவிடும். 2025 நவம்பரில் வந்த தித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையையும் ரோடுகளையும் பல இடங்களில் பிய்த்துப்போட்டது. எனவே திட்டம் போடும்போதே எந்த ரயில் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூம் எப்போது பிடிக்க வேண்டும்? ஏன் அவ்வளவு விலை?

பெப்ரவரியில். மார்ச் பிந்திவிட்டது, ஏப்ரல் பகிடி. மற்ற மாதங்களில் கொடுக்கும் விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு கேட்பார்கள். அந்த ஒரு மாதத்தில் வருடச் செலவைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நிறைய, அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. குறைசொல்ல வேண்டியது வேறு ஒன்று.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஆறு பேர் போனோம். ஒரு விடுதியில் போனிலேயே ரூம் பேசி, அட்வான்ஸும் போட்டிருந்தோம். சனிக்கிழமை பின்னேரம் போய் நின்றால் வாசலில் வேறு ஒரு குடும்பம் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கிறது. "தம்பி, நீங்க வர லேட்டாச்சு, நாங்க வரமாட்டீங்கன்னு நெனச்சோம்." எங்கள் கையில் ரசீது இல்லை, ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. நகரத்தில் ஒன்பது இடம் கேட்டோம், ஒன்பதிலும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் வேனுக்குள்ளேயே படுத்தோம். இரவு ஒரு மணிக்குக் கண்ணாடியின் உட்பக்கம் எங்கள் மூச்சே தண்ணீராய் வடிந்தது. ஒருவன் இரண்டு சாரத்தையும் ஒரு துவாயையும் போர்த்திக்கொண்டு, விடியும்வரை தன் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்ததாக மறுநாள் ஒப்புக்கொண்டான்.

அன்றிலிருந்து நான் செய்வது: அட்வான்ஸ் போட்டால் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, மீதிப் பணம் மூன்றையும் எழுத்தில் வாங்குவேன். முதல் நாள் ஒரு முறையும் கிளம்பும்போது ஒரு முறையும் கூப்பிட்டு "வந்துகொண்டிருக்கிறோம்" என்று சொல்வேன். இன்னொன்று, நகரத்துக்குள்தான் தங்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். நானுஓயா, கந்தப்பளை, ஹக்கல, வெலிமடைப் பாதை என்று சுற்றுவட்டாரத்தில் பாதி விலைக்குக்கூட இடம் கிடைக்கும். கார்னிவல் முடிந்து திரும்ப உங்கள் வாகனம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாமத்தில் பஸ் இருக்காது, ஆட்டோ கேட்பது அவர் வைத்த விலை.

குளிர் உண்மையில் எவ்வளவு?

பகலில் 20 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். வெயில் எறித்தால் ரீசேட்டோடு திரியலாம். ஏமாந்துவிடாதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சட்டென்று இறங்கும், நள்ளிரவில் 12 பாகைக்குப் பக்கத்தில். கார்னிவல் திடலோ திறந்த வெளி. வாவிப் பக்கமிருந்து காற்று வேறு. ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, சப்பாத்தும் மேசும். செருப்போடு வருகிறவன் எட்டு மணிக்கு வேனுக்குப் போய்விடுவான்.

கொண்டு வராவிட்டால் பரவாயில்லை, பேல் பஸாரில் ஜக்கெட் வாங்குங்கள். வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சிய குளிர் உடுப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சொன்ன விலையில் பாதியிலிருந்து பேசத் தொடங்கலாம். சிப்பை மட்டும் மேலும் கீழும் நான்கு தரம் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். அங்கே கழித்துப் போட்ட உடுப்புகளில் முக்கால்வாசிக்குக் குற்றம் சிப்பில்தான் என்பது என் அனுபவம்.

மழை பெய்தால்?

பெய்யும். ஏப்ரல் மலைநாட்டில் காலை பளிச்சென்று இருந்து, பகல் இரண்டு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். பெரும்பாலும் ஆறு, ஏழு மணிக்குள் ஓய்ந்துவிடும். எனவே சுற்றிப் பார்ப்பதைக் காலையில் முடியுங்கள், பின்னேரம் படுத்துத் தூங்குங்கள், இரவு கார்னிவலுக்குப் போங்கள். மழைக்குப் பின் திடல் சேறாகும். வெள்ளைச் சப்பாத்து போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

கார்னிவல் எங்கே? என்னென்ன இருக்கும்?

குதிரைப் பந்தயத் திடல், கிரகரி வாவி அந்தப் பக்கம்தான் சீசன் கூட்டம் முழுக்க. திடல் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறலாம், தேட வேண்டியதில்லை. இருட்டியதும் ராட்சத ராட்டினத்தின் விளக்கு தெரியும் பக்கம் நடந்தால் சரி. காதும் வழி சொல்லும்: ஒரு பக்கம் பைலா, மறு பக்கம் தமிழ்ப் பாட்டு, நடுவில் "வாங்க வாங்க, இன்னும் அஞ்சு நிமிசத்தில் ஆரம்பம்" என்று ஒரு மணி நேரமாக ஒரே அறிவிப்பு.

ராட்சத ராட்டினம், குதிரை ராட்டினம், ஊஞ்சலாய் ஆடும் கப்பல், மோதும் கார், பேய் வீடு. பேய் வீட்டில் பேயை விட முன்னால் போகிற பையன் கத்துவதுதான் பயம். பிறகு வளையம் எறிதல், பலூன் சுடுதல், மேடையில் இசை நிகழ்ச்சி. வாசலில் நுழைவுச் சீட்டு ஒன்று, உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு. ஏழு மணிக்குப் போனால் வரிசை குறைவு. ஒன்பதுக்கு மேல் சனக்கூட்டம்.

மரணக் கிணறு இன்னும் இருக்கிறதா?

இருக்கிற வருடம் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

சின்ன வயதில் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தது. இப்போதும் அந்தத் தகரப் படியில் ஏறும்போது வயிற்றுக்குள் ஏதோ புரளும். பலகைகளை நெடுக்காக நிறுத்தி வட்டமாகக் கட்டிய கிணறு, இரண்டு மாடி உயரம். நாம் மேலே விளிம்பைச் சுற்றி நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள், சைலன்சர் கழற்றியது. ஓட்டுகிற ஆள் ஹெல்மட் இல்லாமல், ஒரு கசங்கிய சேட்டோடு, பீடியை அணைத்துவிட்டு வருவார். அடியில் சரிவாக ஒரு பலகை வளையம் இருக்கும். முதலில் அதில் இரண்டு சுற்று. வேகம் ஏற ஏற வண்டி சுவரில் ஏறிவிடும். பிறகு ஆள் தரைக்குப் படுக்கையாக, நமக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருப்பார்.

விழாததற்குக் காரணம் மந்திரமில்லை. வேகமாக வட்டமிடும்போது சுவர் சில்லை உள்நோக்கித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தால் சில்லுக்கும் பலகைக்கும் நடுவில் உராய்வு கூடுகிறது, அந்த உராய்வுதான் வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. வேகம் குறைந்தால் உராய்வும் குறையும், ஆள் கீழே. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் வண்டி நம் பக்கமாக வரும்போது நாம் பிடித்திருக்கிற விளிம்புப் பலகை விரலுக்குள் நடுங்குகிறதே, அப்போது பௌதிகம் ஒன்றும் நினைவுக்கு வராது. பெற்றோல் புகையும் எரிந்த எண்ணெய் நெடியும் மூக்கில் ஏறும்.

கடைசியில் காசு வாங்கும் கட்டம். நூறு ரூபாய்த் தாளை விளிம்புக்கு உள்ளே நீட்டிப் பிடித்தால் ஓட்டுகிறவர் ஒரு கையை விட்டுவிட்டு, நம் கையிலிருந்து பறித்துக்கொண்டு போவார். போன முறை எங்களில் ஒருத்தன் பயந்து தாளை முன்கூட்டியே விட்டுவிட்டான். அது சுழன்று சுழன்று அடிக்குப் போயிற்று. நிகழ்ச்சி முடிந்ததும் ஓட்டுகிறவர் குனிந்து அதை எடுத்து, மேலே நிமிர்ந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். சிரித்தாரே தவிர அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த காட்சிக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. தாளை நீட்டுங்கள், ஆனால் உடம்பை நீட்டாதீர்கள். போனை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம். தவறி விழுந்தால் அது சில்லுக்கடியில் விழும்.

ராட்டினங்களை நம்பி ஏறலாமா?

இவை லொறியில் வந்து இரண்டு நாளில் பூட்டி, மாதம் முடியக் கழற்றிக்கொண்டு போகும் யந்திரங்கள். ஏறும்முன் ஒரு சுற்று வெளியே நின்று பாருங்கள். இடுப்புக் கம்பிக்குப் பூட்டு ஆணி இருக்கிறதா, கயிறு கட்டி வைத்திருக்கிறார்களா? ஆள் ஏறி இறங்கும்போது யந்திரம் முழுதாக நிற்கிறதா? அடியில் முட்டுக் கொடுத்த கட்டைகள் மழைச் சேற்றில் புதைகின்றனவா? எனக்கு ஒன்று பிடிக்காவிட்டால் ஏறமாட்டேன், "பயந்தாங்கொள்ளி" என்றால் சிரித்துவிட்டுப் போவேன். கப்பலில் ஏறுகிறவர்கள் சட்டைப் பையை வெறுமையாக்கிவிட்டு ஏறுங்கள். காயம் என்றால் 1990 என்ற நம்பருக்கு அடியுங்கள், சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். பொலிஸுக்கு 119.

வளையம் எறிந்து பொம்மை வெல்ல முடியுமா?

முடியும், கடைக்காரர் எறிந்தால். வளையம் அடிக்கட்டையை விட ஒரு நூல்தான் பெரிது. நேர் மேலிருந்து சமமாக விழுந்தால் மட்டும் இறங்கும். நாம் சாய்வாக எறிகிறோம், ஓரத்தில் பட்டுத் தெறிக்கிறது. அவர் மேசைக்கு உள்ளே குனிந்து நின்று காட்டுவார். நான் இத்தனை வருடத்தில் வென்றது ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையும். சீட்டுப் பிடித்துச் சூதாடும் மூலைகளும் இருட்டில் முளைக்கும், அங்கே நிற்கவே வேண்டாம். முதலில் வெல்கிறவர் கடைக்காரரின் மைத்துனர்.

என்ன சாப்பிடுவது?

இரவுக்குக் கொத்து ரொட்டிதான். தட்டிப் போடும் சத்தம் கேட்கும் கடையில், கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வருவதை வாங்குங்கள். முன்பே கொத்திக் குவித்து வைத்ததைத் தொடாதீர்கள். அவித்த சோளம், மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி, மாங்காய் அச்சாறு, சுடச்சுட வடை, பிள்ளைகளுக்கு பொம்பாய் மோட்டாய். ஸ்ட்ரோபெரியைப் பகலில் ரோட்டோரத்தில் வாங்கினால் டப்பாவைக் கவிழ்த்து அடி வரிசையைப் பாருங்கள். மேலே சிவப்பு, அடியில் பச்சையாக இருக்கும்.

நாங்கள் வழிக்கு வீட்டிலிருந்தே தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டு போவோம். கொழுந்து மலைக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போவது அதுதான், மத்தியானம் வரை அசையாது. பிளாஸ்கில் பிளேன்டீ. சீசன் விலையில் ஒரு டீ வாங்கிப் பார்த்தபின் நீங்களும் பிளாஸ்க் வாங்குவீர்கள்.

செலவு எவ்வளவு வைத்துக்கொள்ள வேண்டும்?

போன முறை எட்டுப் பேர், தலைக்கு 15,000 ரூபா போட்டோம். வேனுக்கும் டீசலுக்கும் பாதி போயிற்று, ரூமுக்கு மூன்றில் ஒன்று, மிச்சத்தில் சாப்பாடு. கார்னிவல் செலவு அவரவர் கையில். எல்லாவற்றையும் ஒருவனிடம் கொடுத்து, அவனை மட்டும் செலவழிக்க விடுங்கள். கணக்கை அன்றன்றே குரூப்பில் போடச் சொல்லுங்கள். நட்பு முறிவது காதலால் என்பார்கள். நான் பார்த்தவரை டீசல் காசால்தான்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா எந்த விலையையும் பேர்க் கணக்கில்தான் சொல்வார். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். ராட்டினத்தில் ஏற நான் அழுதபோது அவர் சீட்டு விலையைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஏறினா அரைப்பேரு போச்சு" என்றார். என்னை மட்டும் ஏற்றிவிட்டு, கீழே நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் கை காட்டினார். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021 இல்தான். இப்போது கூடியிருந்தாலும் கார்னிவலில் விலை கேட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நகர்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அதனால் வரிசையில் பேரம் பேசிச் சண்டை பிடிக்கும் நண்பர்களை எனக்குப் பொறுக்காது.

குழுவில் பெண்களும் வருகிறார்கள். வீட்டில் என்ன சொல்வது?

உண்மையை. யார் யார் வருகிறார்கள், எந்த வாகனம், சாரதியின் நம்பர், தங்குமிடத்தின் நம்பர், எல்லாவற்றையும் எழுதி அம்மாவிடம் கொடுத்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சியின் அப்பா முதல் வருடம் "யோசிப்போம்" என்றார், இரண்டாம் வருடம் சரி என்றார், மூன்றாம் வருடம் தானும் வருகிறேன் என்று வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்த வருடம்தான் எல்லாம் நேரத்துக்கு நடந்தது.

கூட்டத்தில் உரசுகிறவர்கள் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. மேடைக்கு முன்னால் உள்ள நெரிசலை விட்டு ஓரமாக நில்லுங்கள். போன் சிக்னல் நெரிசலில் விழுந்துவிடும், ஆகவே "பத்து மணிக்கு ராட்டினத்துச் சீட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில்" என்று இடமும் நேரமும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தண்ணி அடிக்கலாமா?

கேட்பீர்கள் என்று தெரியும். போயா என்கிற பௌர்ணமி நாளிலும் ஏப்ரல் 13, 14 இலும் மதுக்கடை பூட்டு. பொது இடத்தில் குடித்தால் பொலிஸ் தூக்கும், சீசனில் அவர்கள் மூலைக்கு மூலை நிற்பார்கள். ரூமில் குடிக்கிறவன் ரூமிலேயே இருக்கட்டும். கப்பலில் ஏற்றினால் மற்றவர்கள் குடை பிடிக்க வேண்டி வரும். சாரதிக்கு ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, "குளிருக்கு ஒண்ணு" என்று அவரே கேட்டாலும்.

குதிரைப் பந்தயமும் கார் ஓட்டமும் பார்க்கலாமா?

குதிரையை ஒரு முறை பாருங்கள். இலங்கையில் இன்று பந்தயம் ஓடும் திடல் இது ஒன்றுதான். கொழும்பில் 1950களிலேயே நின்றுவிட்டது. ஓடுவது ஒன்றரை நிமிடம், காத்திருப்பது முக்கால் மணி நேரம். தொப்பி போட்ட சீமாட்டிகளைப் பார்ப்பது தனி நிகழ்ச்சி.

கார் ஓட்டங்களில் மஹகஸ்தோட்ட மலையேற்றம் 1934 இலிருந்து வருவது. எங்கே நிற்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் தடத்தை விட்டுப் பாய்ந்து பார்வையாளர் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். உயரமான கரையில், கயிற்றுக்குப் பின்னால் நில்லுங்கள். கயிற்றைத் தாண்டி நிற்கும் கும்பலைப் பார்த்து நீங்களும் தாண்டாதீர்கள்.

ஞாயிறு காலை என்ன செய்யலாம்?

யாராவது ஒருவனை எழுப்ப முடிந்தால், ஆறரைக்கு வாவிக்கரை. 1873 இல் ஆளுநர் கிரகரி காலத்தில் கட்டியது. தண்ணீருக்கு மேல் பனி நகரும், மட்டக்குதிரைகள் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும், சந்தைக்குப் போகும் லொறிகளிலிருந்து லீக்ஸ் வாசனை வரும். அந்த ஒரு மணி நேரத்தில் நகரம் நகரத்து ஆட்களுடையது. எட்டு மணிக்குப் பின் மறுபடி ஹோர்ன்தான்.

பிறகு வெலிமடைப் பாதையில் சீதாஎலிய சீதையம்மன் கோயில். ஆற்றங்கரைப் பாறையில் உள்ள குழிகளை அனுமார் பாதம் என்பார்கள். அர்ச்சனைத் தட்டைக் குரங்கு பறிக்கும், இறுக்கிப் பிடியுங்கள். அதே பாதையில் இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா, 1861 இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். நகரத்துக்குள் 1894 இன் செங்கல் தபாற்கந்தோர் முன்னால் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் உள்ளே போய் அம்மாவுக்கு ஒரு போஸ்ட்கார்ட் போடுங்கள், நாலு நாள் கழித்து வீட்டில் மரியாதை கூடும்.

தமிழ் பேசினால் சமாளிக்கலாமா?

தாராளமாக. மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்தான். கடை, ஆட்டோ, ரூம், எங்கேயும் தமிழ் கேட்கும். யாழ்ப்பாண நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே "வாங்கோ" இல்லை, "வாங்க". ஆட்டோ அண்ணனிடம் "அண்ணே, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டால் விலை கொஞ்சமாவது இறங்கும்.

ஏப்ரலில் வர முடியாதே?

மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதத் திருவிழாவுக்கு வாருங்கள். ஐந்து தேர், தெரு நிறையக் கடை. ஆடி, ஆவணியில் கண்டிப் பெரஹெரா, அது பார்க்கிற விழா, ஆடிப்பாடுகிற விழா இல்லை. கார்னிவல் என்றால் நான் ஏப்ரலுக்குத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாமா?

ஞாயிறு பகல் பன்னிரண்டுக்கு முன் நகரத்தை விட்டால் போகலாம். ஒரு மணி தாண்டினால் ஒருவழிப் பாதை, மழை, ஊருக்குத் திரும்பும் மொத்த வாகனமும் ஒன்றாய்ச் சேர்ந்து நானுஓயா வரவே இரண்டு மணி நேரம் எடுக்கும். நாங்கள் கிளம்புவது பதினொன்றுக்கு என்று எல்லோரிடமும் சொல்லிவைப்போம். கரட் வாங்க ஒருவன், ஜக்கெட் மாற்ற ஒருவன், குளியலறையில் ஒருவன் என்று இழுத்தடித்துப் பன்னிரண்டுக்கு வேன் நகரும்.